உள்நாட்டுத் துறைமுகத்துக்கு இடம் பார்ப்பவர்களுக்கு

ஐ.சி.டி. எனப்படும் உள்நாட்டு கன்டெய்னர் துறைமுகத்துக்கு (கடலில்லாத ஊரிலேயே சுங்க வேலையை முடித்து, கன்டெய்னர்களைக் கடல் துறைமுகத்துக்கு அனுப்பும் யார்டு) நிலம் பார்க்கும்போது, முதல் கேள்வி ஏக்கர் என்ன விலை. அடுத்தது, இங்கே தண்ணீர் நிற்குமா. நிற்காது என்று தெரிந்ததும் பலர் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். நான் கேட்பது வேறு: ஊரே மூழ்கும் நாளில் ட்ரெய்லர் எந்த வழியாக வெளியே போகும்?

2023 டிசம்பர் 17, 18-ஐ நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி பெருகி, திருநெல்வேலி - தூத்துக்குடி சாலை துண்டிக்கப்பட்டது. ஸ்ரீவைகுண்டம் அருகே தண்டவாளத்தின் ஜல்லியை வெள்ளம் அரித்துவிட, திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு அங்கேயே நின்றது. தூத்துக்குடியை மட்டும் நம்பிய யார்டு, தரை காய்ந்திருந்தாலும் அன்று முடங்கியதுதான்.

அதனால்தான் கோவை இருகூர் போன்ற இடம் எனக்குப் பிடிக்கும். கொச்சிக்கும் போகலாம், தூத்துக்குடிக்கும் போகலாம். தூத்துக்குடிக்கு டீசல் கூடத்தான் ஆகும். ஆனால் கொச்சிப் பாதைக்குப் பெரிய ஆபத்து தென்மேற்குப் பருவமழை: 2018 ஆகஸ்டில் பெரியாறு பெருகி ஆலுவா மூழ்கியது, கொச்சி விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக்கிடந்தது. தூத்துக்குடிக்கோ வடகிழக்குப் பருவமழை. இரண்டு பாதையும் ஒரே மாதத்தில் கைவிடுவது அபூர்வம். கப்பல் கம்பெனியோடும் சுங்கத்துறையோடும் மாற்றுத் துறைமுக ஏற்பாட்டை முன்பே பேசி வைத்திருந்தால்தான் இது உதவும். வெள்ளத்துக்கு நடுவே காகிதம் மாற்ற அலைவது தனிக் கொடுமை.

ரயில் இணைப்பு கட்டாயம் வேண்டும். ஆனால் அங்கேதான் சிக்கல். 45 வேகன் கொண்ட ஒரு ரேக், அதாவது ஒரு முழு சரக்கு ரயில் தொடர், கிட்டத்தட்ட 700 மீட்டர் நீளம். அதற்கு வளைவில்லாத, சமமான நிலம் தேடினால், ஸ்ரீபெரும்புதூர் பக்கமெல்லாம் கையில் கிடைப்பது பெரும்பாலும் வயல், அல்லது ஏரியை ஒட்டிய பள்ளம். ஒரு ஏரியின் கலங்கல் (உபரி நீர் வெளியேறும் இடம்) வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும் பூமி அது. மண் கொட்டி உயர்த்தினால் யார்டு தப்பும், பக்கத்து ஊர் மூழ்கும். தண்ணீர் வடிய ஊர்க்காரர்கள் உங்கள் அணுகுசாலையைத்தான் வெட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அ-பதிவேட்டையும் (கிராமத்தின் நிலப் பதிவேடு) புல வரைபடத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எடுத்து, ஓடையும் வாய்க்காலும் எங்கே போகின்றன என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஜென்செட், ட்ரான்ஸ்ஃபார்மர், சர்வர் மூன்றையும் உயரத்தில் வையுங்கள். குளிர்பதன கன்டெய்னர்களுக்கு மின்சாரம் போனால் உள்ளே இருக்கும் இறாலும் போச்சு.

அப்புறம், கையெழுத்துப் போடுவதற்கு முன், நவம்பரில் ஒரு கனமழைக்கு மறுநாள் நெடுஞ்சாலை வரை போய்வாருங்கள். நடுவில் ரயில்வே சப்வே இருந்தால், அதில் எவ்வளவு தண்ணீர் என்று இறங்கிப் பாருங்கள்.