வெடித்த ஓட்டிலிருந்து வந்த குமிழி

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஒரு தகப்பனும் மகனும் பேசினோடு வந்தார்கள். பேசின் நிறையத் தண்ணீர், அதற்குள் உள்ளங்கை அளவில் ஒரு சிவப்புக் காது ஆமை. வீட்டு நாய் தொட்டியிலிருந்து கவ்விப்போய் முற்றத்தில் வைத்துக் கடித்திருக்கிறது.

"ஓடுதானே டொக்டர் வெடிச்சிருக்கு, உசிருக்கு ஒன்டும் இல்லத்தானே?"

நான் பேசினைப் பார்த்தேன். முதுகு ஓட்டின் வெடிப்பிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. பதில் சொல்வதற்கு முன் ஆமையைத் தண்ணீரிலிருந்து தூக்கினேன்.

ஆமையின் நுரையீரல் முதுகு ஓட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. அந்த ஓடு விலா எலும்பும் முள்ளந்தண்டும் ஒன்றாகி அகன்ற எலும்பு. நம் நகம் மாதிரி ஒரு படை அதை மேலே மூடியிருக்கிறது, அவ்வளவுதான். நரம்பு உண்டு, இரத்தம் ஓடும், வலிக்கும். வெடிப்பு நுரையீரல் வரை போயிருந்தால் பேசின் தண்ணீர் அப்படியே உள்ளே இறங்கும். தண்ணீரில் வாழ்கிற பிராணிதானே என்று நல்லெண்ணத்தில் செய்வதுதான். என்னிடம் வருகிறவர்களில் பலர் செய்கிற பிழையும் இதுவே.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? சப்பாத்துப் பெட்டியில் உலர்ந்த துவாயை விரித்து ஆமையை வையுங்கள். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மேலோட்டமான காயமென்றால் சேலைனால் கழுவி, போவிடோன் அயடினைப் பிளேன்டீ நிறத்துக்குக் கரைத்துத் தொட்டு வைக்கலாம். குமிழி வந்தாலோ உள்ளே சதை தெரிந்தாலோ எதையும் ஊற்ற வேண்டாம். சேலைனில் நனைத்துப் பிழிந்த துணியால் மூடிக்கொண்டு மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். கழன்ற ஓட்டுத் துண்டுகளையும் எறியாமல் எடுத்துப் போங்கள்.

கோப்பித்தூள், மஞ்சள் எல்லாம் அப்பியபடி வருவார்கள். அதைச் சுரண்டி எடுக்கவே அரை மணித்தியாலம் போகும். சுப்பர் குளூவால் ஒட்டிக்கொண்டு வந்தவரும் உண்டு. வெளியே பார்க்க நேர்த்தியான வேலை. உள்ளே நாயின் வாய்க் கிருமியைப் பூட்டி வைத்தாயிற்று.

படுவான்கரைப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. காயத்தில் புழு வைத்தால் மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் வீட்டில் இருக்கும். ஆமைக்கு அது நஞ்சு, ஒரு சொட்டும் வேண்டாம். புழுவைச் சாவணத்தால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியதுதான்.

நாய்க்கடியாவது கண்ணுக்குத் தெரியும். பூனையின் பல் ஊசித்துளை அளவுக்குத்தான் தடம் விடும், அதனால் யாரும் கொண்டுவருவதில்லை. சில நாள் கழித்துக் கட்டியோடு வருவார்கள். ஊர்வனவற்றின் சீழ் நம்முடையதுபோல வடிந்து போகாது; சீஸ் துண்டுபோல இறுகிக் கிடக்கும். கீறித்தான் தோண்டி எடுக்க வேண்டும். கடி பட்ட அன்றே வந்தால் மருந்தோடு முடிந்துவிடக்கூடிய காரியம்.

அசையவில்லை என்று உடனே புதைத்துவிடவும் வேண்டாம். ஆமையின் இதயம் மிக மெதுவாகத் துடிக்கும், கையால் தொட்டுத் தெரியாது.

நாயின் வாயிலிருந்து பறிக்கும்போது உங்கள் கையில் பல் பட்டிருந்தால், முதலில் உங்களைப் பாருங்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய் நோய் பாலூட்டிகளுக்குத்தான் வரும், ஆமைக்கு வராது, உங்களுக்கு வரும்.

கல்லடி ஆமைக்கு எக்ஸ்ரே எடுத்து, காயத்தைக் கட்டி, செஃப்டாசிடிம் என்ற கிருமிகொல்லி ஊசி போட்டேன், 72 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. ஆமையின் உடல் மருந்தை ஆறுதலாகத்தான் கரைக்கும், தினமும் போடத் தேவையில்லை. பெட்டியை 28 பாகை செல்சியசுக்குக் குறையாத சூட்டில் வைக்கச் சொன்னேன். மாரி காலத்தில் அதற்கு ஒரு பல்பு வேண்டும். தண்ணீருக்குள் திரும்ப விட ஏழு கிழமை ஆனது. ஓடு முழுதாகப் பொருந்த இன்னும் மாதங்கள் எடுக்கும்.

தொட்டிக்கு இப்போது கம்பிவலை மூடி போட்டிருக்கிறார்கள். நாய் அதன்மேல் ஏறித்தான் படுக்கிறதாம்.