ஷெர்ரி ஒயினும் அதைக் காப்பாத்தற ஈஸ்ட் படலமும்

ஸ்பெயினோட தென்மேற்கு மூலையில, அட்லாண்டிக் கடலை ஒட்டி காதிஸ் மாகாணம் இருக்கு. அங்க ஹெரெஸ், சான்லூகர், எல் புவெர்த்தோன்னு மூணு ஊர். ஷெர்ரி ஒயினோட தாய்வீடு இந்த முக்கோணம்தான். ஒயின் ஊருக்குப் போறவங்க முதல்ல திராட்சைத் தோட்டத்தைத்தான் தேடுவாங்க, ஆனா இங்க போனா நீங்க முதல்ல பாக்க வேண்டியது கட்டடத்தைன்னு நான் அடிச்சுச் சொல்வேன், ஏன்னா இந்த ஒயினோட ருசியில பாதி அங்கதான் உருவாகுது.

தோட்டத்தை சுருக்கமா சொல்லிடறேன். அல்பரீசான்னு கண்ணு கூசற வெள்ளை சுண்ணாம்பு மண்ணு, அதுல பாலோமினோ திராட்சை. கோடையில அங்க மழையே கிடையாதுன்னு சொல்லலாம், ஆனாலும் கொடி வாடறதில்ல. அறுவடை முடிஞ்சதும் கொடி வரிசைக்கு நடுவுல நீளவாக்குல சின்ன சின்ன குழியா வெட்டி விடுவாங்க, குளிர்கால மழை சரிவுல ஓடிப்போகாம அதுல தேங்கி மண்ணுக்குள்ள இறங்கிடும், அப்புறம் வெயில்ல மேல்மண்ணு காஞ்சு ஓடு கட்டி உள்ள இருக்கற ஈரத்தை வெளிய விடாம மூடிக்கும்.

இப்ப கட்டடத்துக்கு வருவோம். இங்க ஒயின் முதிர்ற கிடங்குக்கு போதேகான்னு பேரு. வேற பல ஊர்ல பூமிக்கு அடியில குளுகுளுன்னு பாதாள அறை தோண்டி, காத்து படாம பீப்பாயை விளிம்பு வரைக்கும் நிரப்பி மூடி வெப்பாங்க, ஏன்னா ஆக்சிஜன் பட்டா ஒயின் கெட்டுடும். போதேகா தரைக்கு மேல இருக்கு, ஜன்னல் திறந்திருக்கு, 600 லிட்டர் பிடிக்கற பீப்பாய்ல 500 லிட்டர்தான் ஊத்தறாங்க. மேல அந்த 100 லிட்டர் இடத்தை வேணும்னே விடறாங்க, அங்க ஒரு உயிர் வளரணும்.

அதுதான் ஃப்ளோர், ஒயின் மேல பாலாடை மாதிரி படர்ற வெளிர்நிற ஈஸ்ட் படலம். சாறுல இருந்த சர்க்கரை தீர்ந்ததும் சாதாரண ஈஸ்ட் அடியில படிஞ்சு செத்துடும், இந்த ரகம் மட்டும் தன்னோட மேல்தோலை தண்ணி ஒட்டாத மாதிரி மாத்திக்கிட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, நடுவுல கார்பன் டை ஆக்சைடு குமிழிகளைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு மிதக்க ஆரம்பிக்கும். சர்க்கரை இல்லன்னா என்ன, காத்துல இருக்கற ஆக்சிஜனை வெச்சு ஆல்கஹாலையும் கிளிசராலையும் சாப்பிட்டே வாழும். இதனால ரெண்டு காரியம் நடக்குது. ஆக்சிஜனை மேலயே அது இழுத்துக்கறதால கீழ இருக்கற ஒயின் வைக்கோல் நிறம் மாறாம தெளிவா நிக்கும். கிளிசரால் குறையறதால ஒயின் இனிப்பே இல்லாத வறண்ட ருசிக்கு வரும், கூடவே ஆல்கஹால்லேர்ந்து அசிட்டால்டிஹைடு உண்டாகி பச்சை ஆப்பிள், பாதாம், புளிச்ச ரொட்டி மாவு கலந்த ஒரு வாசனை வரும். ஃபீனோ ரக ஷெர்ரியோட அடையாளமே அந்த வாசனைதான்.

ஆனா ஃப்ளோர் ரொம்ப நாசூக்கான ஜீவன். சுமார் 11, 12 சதவீத ஆல்கஹால் இருக்கற ஒயின்ல திராட்சை ஸ்பிரிட் சேர்த்து 15 சதவீதத்துக்கு கொண்டு வராங்க, அந்த அளவுல வினிகர் ஆக்கற பாக்டீரியா தலைதூக்காது, ஃப்ளோர் மட்டும் தாக்குப்பிடிக்கும். அதே 17 சதவீதம் ஆச்சுன்னா ஃப்ளோரும் செத்துடும். அதையே வேணும்னே செஞ்சா காத்து நேரடியா ஒயின்ல பட்டு பழுப்பேறி ஓலோரோசோன்ற இன்னொரு ரகம் கிடைக்கும். ஒரே திராட்சை, ரெண்டு சதவீத ஆல்கஹால் வித்தியாசம், ருசி ஏணி வெச்சாலும் எட்டாது!

ஃப்ளோருக்கு மிதமான சூடும் நல்ல ஈரப்பதமும் வேணும், காதிஸ் இருக்கற அண்டலூசியா பகுதியோட கோடையோ நெருப்பா எரியும். கட்டடம் வேலை செய்யறது இங்கதான். கூரை ரொம்ப உயரம், அதனால சூடான காத்து மேல போயிடும், பீப்பாய் எல்லாம் கீழ மூணு நாலு அடுக்கா நிக்கும். சுவர் தடிமன். உயரத்துல இருக்கற ஜன்னல் வழியா போனியென்தேன்ற ஈரமான கடல்காத்து உள்ள வரும், வெயிலைத் தடுக்க கோரைத் தட்டி தொங்கும், தரை மண்ணுல கோடைக்கு தண்ணி தெளிப்பாங்க. சான்லூகர் குவாடல்கிவிர் ஆத்து முகத்துலயே இருக்கறதால ஈரம் இன்னும் ஜாஸ்தி, ஃப்ளோர் வருஷம் பூரா தடிமனா இருக்கும், அங்க முதிர்ற ஒயின் மன்சனியான்ற தனிப் பேர்லயே விக்குது.

இன்னொரு சிக்கல், சத்து தீர்ந்தா ஃப்ளோர் பட்டினியில செத்துடும். அதுக்குத்தான் சொலேரா முறை. அடிவரிசையில வயசான ஒயின், மேல மேல இளசு. அடியிலேர்ந்து கொஞ்சம் எடுத்து பாட்டில் போடுவாங்க, அந்தக் குறையை அதுக்கு மேல் வரிசை நிரப்பும், கடைசி வரிசைக்கு புது ஒயின் வரும். புதுசோட கூடவே புது சத்தும் இறங்கறதால படலம் வருஷக்கணக்குல உயிரோட இருக்கும். வருஷத்துக்கு மூணுல ஒரு பங்கு எடுக்கறாங்கன்னு வெச்சுக்கிட்டா ஒரு துளி ஒவ்வொரு வரிசையிலயும் சராசரியா 3 வருஷம் தங்கும், 4 வரிசைன்னா 12 வருஷம். முதல் நாள் ஊத்தின ஒயினும் முழுசா காலியாகவே ஆகாது. பெரும்பாலான ஷெர்ரி பாட்டில்ல திராட்சை அறுத்த வருஷம் போடாததுக்கு காரணமும் இந்தக் கலப்புதான்.

ருசி பாக்க எடுக்கற விதமும் படலத்தை நினைச்சுத்தான். நீளமான வளையற குச்சி, நுனியில ஒரு சின்னக் குவளை, பேரு வெனென்சியா. பீப்பாயோட வாய் வழியா செங்குத்தா சரக்குன்னு இறக்கி ஏத்திடுவாங்க, படலத்துல ஒரு சின்ன ஓட்டை மட்டும் விழும், அதுவும் தானா மூடிக்கும். சில போதேகால ஒரு பக்கம் கண்ணாடி வெச்ச பீப்பாய் வெச்சிருக்காங்க, படலத்தை அதுல நேராவே பாக்கலாம்.

பாட்டிலுக்கு வர்றதுக்கு முன்னாடி ஃப்ளோரை வடிகட்டிடுவாங்க, அதோட ஒயினுக்கு இருந்த காவலும் போச்சு. அதனால ஃபீனோ பாட்டிலைத் திறந்தா ஃபிரிட்ஜ்ல வெச்சு ஒரு வாரத்துக்குள்ள முடிச்சுடணும். ஓலோரோசோ அப்படியில்ல, அது ஏற்கெனவே காத்தோட பழகினது, வாரக்கணக்குல தாங்கும்.