சொல் விளக்கம்: டின் விசில் – தகரக்குழல்

அயர்லாந்து, பிரிட்டன் நாட்டார் இசையில் வழங்கும் ஆறு துளைக் குழல் டின் விசில். புல்லாங்குழலைப் போலப் பக்கவாட்டில் பிடிக்காமல், நுனியை வாயில் வைத்து ஊத வேண்டும். வாய்ப்பகுதிக்குள் செருகிய அடைப்புக் கட்டை, காற்றை ஒடுக்கமான வழியில் செலுத்திக் கூர்விளிம்பில் மோத வைக்கிறது. ஒலி அங்கே பிறக்கிறது.

‘பென்னி விசில்’ 18ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய பெயர். ‘டின் விசில்’ 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்தது. செய்து விற்றவர்களோ ‘ஃப்ளாஜலெட்’ என்ற பிரெஞ்சுப் பெயரையே பொறித்தார்கள். பழைய குழலில் அந்தச் சொல்லைக் கண்டு, இது வேறு கருவி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

‘டின்’ என்றால் வெள்ளீயம்தான். ஆனாலும் ‘வெள்ளீயக் குழல்’ என்பது பிழை. குழல் வெள்ளீயத்தால் ஆனதல்ல. வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டால் ஆனது. அந்தத் தகட்டைத்தான் நாம் தகரம் என்கிறோம். ‘விசில்’ என்பதற்குச் சீழ்க்கை பொருந்தாது, அது உதட்டால் எழுப்புவது. ஊதலும் ஒரே ஒலி தருவது. விரல் வைத்து வாசிப்பது குழலே. ஆகவே தகரக்குழல்.

பழைய குழல் ஒன்று எந்தக் காலத்தது என்று கணிப்பதும் இந்தத் தகரத்தில்தான் தொடங்குகிறது. முதலில் காந்தத்தை வையுங்கள். நன்றாக ஒட்டினால் தகரம். ஒட்டாவிட்டாலோ, லேசாக மட்டும் இழுத்தாலோ பித்தளையாக இருக்கலாம்; நிக்கல் பூச்சு அப்படி இழுக்கும்.

தகரம் என்றால் அடுத்து வடிவத்தைப் பாருங்கள். ராபர்ட் கிளார்க் 1843இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள கோனி வெஸ்டனில் தொடங்கி, பின்னர் மான்செஸ்டரில் நிலைத்துச் செய்த குழல், கீழே போகப் போகக் குறுகும் கூம்பு. தகட்டைச் சுருட்டியதால் பின்புறம் நெடுக இணைப்புக் கோடு ஓடும்; வாய்ப்பகுதியில் மரக்கட்டை இருக்கும். தவறு நடப்பது இங்கேதான்: இதே வடிவம் இன்றும் தயாராகிறது. எனவே கூம்பும் மரக்கட்டையும் மட்டும் பழமைக்குச் சான்றாகா.

பித்தளைக் குழல் நேர் உருளை. ‘ஜெனரேஷன்’ என்ற வணிகப் பெயரில் வந்த பழைய குழல்களில் வாய்ப்பகுதி உலோகம். சிவப்பு அல்லது நீலப் பிளாஸ்டிக் தலை 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தது. ஆனால் தலையைக் கழற்றி மாற்றலாம். பழைய உடலில் புதுத் தலை இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியே காலம் சொல்ல வேண்டும். சுமார் 60 செ.மீ. நீளமுள்ள அலுமினியத் தாழ்சுருதிக் குழலை விக்டோரியா காலத்தது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஆங்கிலேயக் குழல் செய்பவரான பெர்னார்ட் ஓவர்ட்டன் அவ்வகையை உருவாக்கியதே 1971இல்.

இவற்றைவிட உறுதியான சான்று முத்திரை. பொருளின் வடிவம் பிரிட்டனில் பதிவானதைக் காட்டும் சாய்சதுரக் குறி 1842 முதல் 1883 வரை. அதன்பின் 1884 முதல் ‘ஆர்டி நம்பர்’ (Rd No, பதிவு எண்) என்ற வரிசை எண். நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது, ஏனெனில் அமெரிக்காவுக்கு வரும் சரக்கில் அது அந்த ஆண்டு முதல் கட்டாயமானது. பெயர் இல்லாததால் மட்டும் 1891க்கு முந்தியது ஆகிவிடாது. உள்ளூரில் விற்றதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்றிருந்தால் 1949 முதல் 1990க்குள்.

சுருதியைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் உயர்சுருதியில் ‘ஏ’ சுரம் சுமார் 452 ஹெர்ட்ஸ். இன்றைய 440ஐவிட ஏறக்குறைய கால் சுரம் கூர்மை. மலிவான குழலோ தன்போக்கிலும் சுருதி விலகும். மரக்கட்டை காய்ந்து சுருங்கினாலும் ஒலி மாறும்.

மெருகுப்பொடி போட்டுத் தேய்க்க வேண்டாம். முத்திரையும் பழைய வண்ணமும் முதலில் போவது அதனால்தான். உலர்ந்த மென்துணியால் துடைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்தால் மங்கிய எழுத்தும் தெரியும். பழைய உலோக வாய்ப்பகுதிகள் சிலவற்றில் அடைப்பு காரீயம். சாம்பல் நிறமாக, நகம் கீறும் அளவுக்கு மென்மையாக இருந்தால் வாயில் வைக்காதீர்கள், தொட்டபின் கையைக் கழுவுங்கள்.