உயரத்தை அளந்துவிட்டு டிக்கெட் எடுங்கள்

குடும்பச் சுற்றுலாக்களைத் திட்டமிட்டுக் கொடுப்பது என் தொழில். வெளிநாட்டுத் தீம் பார்க் போக வேண்டும் என்று வருபவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு தாளோடு வருவார்கள். அதில் ஒரு பெருக்கல் கணக்கு இருக்கும்: டிக்கெட் விலை, எத்தனை பேர், எத்தனை நாள். பக்கத்தில் விமானக் கட்டணம். கீழே கோடு போட்டு மொத்தம். சென்ற மாதம் வந்த ஒரு தந்தையின் தாளும் அப்படித்தான் இருந்தது. ஃப்ளோரிடா, ஆறு நாள், ஆறு பூங்கா, நாலு பேர். நான் கேட்ட முதல் கேள்வி: "சின்னவன் எவ்வளவு உயரம் சார்?"

"ஏழு வயசு மேடம்."

"வயசு இல்லை சார், உயரம்."

அவரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அளந்து பார்த்ததில்லை.

இந்தக் கேள்வியை முதலில் கேட்கக் காரணம் 2023-இல் நான் நேரில் பார்த்த ஒரு காட்சி. சில குடும்பங்களை ஃப்ளோரிடாவின் மேஜிக் கிங்டம் என்ற டிஸ்னி பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தேன். அங்கே ட்ரான் என்ற ரோலர் கோஸ்டர் ரைடு திறந்த வருடம் அது. ஒரு குடும்பம் அதற்கென்று தனிக் கட்டணம் கட்டி, நாலு பேருக்கும் நேரம் வாங்கி வைத்திருந்தது. வாசலில் அளவுகோல். ட்ரானுக்கு 122 செ.மீ. வேண்டும். பையன் போய் நின்றான். தலைக்கும் கோட்டுக்கும் நடுவே மூன்று விரற்கடை இடைவெளி. குதிகாலை மெல்லத் தூக்கினான். பணியாளர் குனிந்து, சிரித்த முகத்தோடு, அவன் காலைக் கீழே வைக்கச் சொன்னார். அவன் கீழே வைத்தான். பிறகு நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை; தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறு மாதமாக அந்த ரைடின் வீடியோவை நாளுக்கு நாலு தடவை பார்த்த பிள்ளை.

அந்த வாசலில் உயர விதிக்கு விலக்கே கிடையாது. பாதுகாப்புப் பிடி அந்த உடல் அளவுக்கு மேல் இருந்தால்தான் சரியாகப் பிடிக்கும். கெஞ்சுவதிலும் பயனில்லை, கோபப்படுவதிலும் பயனில்லை.

உயர விதி ஒரே பெயருள்ள ரைடுக்குக்கூட ஊருக்கு ஊர் மாறும். ஸ்பேஸ் மவுண்டன் என்ற பெயரில் கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் ஓடும் ரைடுக்கு 102 செ.மீ. போதும். ஃப்ளோரிடாவில் 112. பாரிஸில் ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டன் என்று ஓடுவதற்கு 120. 110 செ.மீ. உயரமுள்ள குழந்தை கலிபோர்னியாவில் ஏறும், மற்ற இரண்டு இடங்களிலும் வெளியே நிற்கும். அதனால் எந்த நாடு, எந்தப் பூங்கா என்று முடிவெடுப்பதற்கு முன்பு, பயணத்தில் போடப்போகும் அதே ஷூவோடு பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். அந்தந்தப் பூங்காவின் தளத்தில் ஒவ்வொரு ரைடுக்கும் உயரம் போட்டிருப்பார்கள். பிள்ளை ஆசைப்படும் ரைடுகளில் பாதிக்கு மேல் எட்டாது என்றால், ஒரு வருடம் தள்ளிப்போடலாம். அல்லது சின்னக் குழந்தைகளுக்கு நிறைய உள்ள வேறு பூங்காவைப் பார்க்கலாம். இப்படிச் சொல்லி நான் திருப்பி அனுப்பிய குடும்பங்கள் உண்டு. அந்த வருமானம் போனதில் எனக்கு வருத்தமில்லை.

எல்லாம் வாங்கிவிட்டீர்கள், ஒரு பிள்ளைக்கு மட்டும் எட்டவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. ரைடர் ஸ்விட்ச் என்று டிஸ்னியிலும், சைல்டு ஸ்வாப் என்று யுனிவர்சல் பூங்காக்களிலும் சொல்வார்கள். பெற்றோரில் ஒருவர் போய்வரும்வரை இன்னொருவர் குழந்தையோடு காத்திருக்கலாம். பிறகு அவர் நீண்ட வரிசையில் மறுபடி நிற்காமல் உள்ளே போகலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. ரைடு வாசலில் நிற்கும் பணியாளரிடம் வரிசையில் சேர்வதற்கு முன்பே கேட்க வேண்டும். அன்று ட்ரான் வாசலில் அந்தக் குடும்பத்தின் பணம் முழுக்க வீணாகாமல் இருந்தது இதனால்தான்.

உயரத்துக்கு அடுத்தது வயது. டோக்கியோ டிஸ்னியில் நாலு முதல் பதினொரு வயது வரை ஏறக்குறைய பாதிக் கட்டணம். ஃப்ளோரிடாவில் பத்து வயது ஆனாலே பெரியவர் கணக்கு. அதற்குக் கீழே இருந்தாலும் குறைவது சில டாலர்தான். அதனால் "பசங்களுக்கு எப்படியும் பாதிதானே" என்று போட்ட கணக்கு அங்கே அடிபட்டுப் போகும். உண்மையான சேமிப்பு அமெரிக்க டிஸ்னி பூங்காக்களிலும் பாரிஸிலும் மூன்று வயதுக்குக் கீழே கட்டணமே இல்லை என்பதில் இருக்கிறது. சிங்கப்பூர் யுனிவர்சலில் அது நாலு வயது. விமானத்தில் மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்கு இரண்டு வயது வரைதான் சலுகை. பயணத்தின் நடுவில் இரண்டாவது பிறந்தநாள் வந்தால் திரும்பும் விமானத்தில் தனி இருக்கை வாங்கியாக வேண்டும். பிறந்தநாளைப் பூங்காவில் கொண்டாட வேண்டும் என்ற ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு வாரம் முன்னால் போனால் மிச்சமாகும் தொகையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இனி நாட்கள். பெரும்பாலான குடும்பங்கள் பணத்தையும் உடம்பையும் இழப்பது இங்கேதான். ஃப்ளோரிடா போன்ற இடங்களில் நாட்கள் கூடக் கூட ஒரு நாளுக்கான டிக்கெட் விலை குறைந்துகொண்டே போகும். "இன்னும் கொஞ்சம் போட்டால் இன்னொரு நாள்" என்று தோன்றும். அந்த ஒரு நாளோடு அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, வண்டி, வரிசையைத் தாண்டும் பாஸ் எல்லாம் சேர்ந்து வரும் என்பது அப்போது கண்ணில் படாது.

தொழிலுக்கு வந்த புதிதில் என் சொந்தக் குடும்பத்துக்கே தொடர்ந்து ஐந்து நாள் ஐந்து பூங்கா என்று போட்டேன். நாலாம் நாள் காலை பதினொரு மணிக்கு என் மகள் ஸ்ட்ரோலரில் தூங்கிவிட்டாள். நேர வித்தியாசத்தில் அவள் தினமும் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்துகொண்டிருந்தாள். அதை நான் கணக்கில் எடுக்கவேயில்லை. ஒரு மரத்தடி பெஞ்சில் அவளுக்குத் தொப்பியால் விசிறிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே அவள் பார்க்க ஆசைப்பட்ட ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. அதிலிருந்து நான் போடும் எந்தத் திட்டத்திலும் இரண்டு பூங்கா நாளுக்கு ஒரு ஓய்வு நாள் கட்டாயம் உண்டு. போய் இறங்கிய மறுநாள் பூங்காவே கிடையாது, நீச்சல்குளமும் தூக்கமும்தான். ஃப்ளோரிடா டிஸ்னியின் நாலு நாள் டிக்கெட்டை ஏழு நாளுக்குள் பயன்படுத்தினால் போதும். டிக்கெட்டே மூன்று நாள் இடைவெளி கொடுக்கிறது. நாம்தான் எடுத்துக்கொள்வதில்லை.

தாளில் இல்லாத செலவுகளுக்கு வருகிறேன். அமெரிக்காவில் போட்டிருக்கும் விலை பெரும்பாலும் வரி சேராத விலை. ஃப்ளோரிடா டிஸ்னிக்குப் போகிறவர்கள் தங்கும் ஆர்லாண்டோவில் ஓர் அறை 150 டாலர் என்று பார்க்கிறீர்கள். ஆறு இரவுக்கு 900 என்று எழுதிக்கொள்கிறீர்கள். பல ஓட்டல்கள் ரிசார்ட் கட்டணம் என்று தனியாக வாங்கும். ஓர் இரவுக்கு 35 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊரில் அறைக்கான வரி 12.5 சதவீதம், ரிசார்ட் கட்டணத்தின் மேலும் அந்த வரி விழும். கூட்டினால் 1,249 டாலர் வருகிறது. 2025 மே மாதத்திலிருந்து இப்படிப்பட்ட கட்டாயக் கட்டணங்களை விளம்பர விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வந்துவிட்டது. நல்ல மாற்றம். ஆனால் அரசு வரியைக் கடைசிப் பக்கத்தில் காட்ட இன்னும் அனுமதி உண்டு. அதனால் பணம் கட்டும் பக்கம் வரை போய், அங்கே வரும் தொகையை மட்டும் உங்கள் தாளில் எழுதுங்கள். உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் பில்லுக்கு மேல் 18 முதல் 20 சதவீதம் டிப்ஸ் வைப்பது அங்கே வழக்கம், அதையும் சேருங்கள்.

வரிசையைத் தாண்டும் பாஸ் இன்னொரு பெரிய ஓட்டை. ஃப்ளோரிடா டிஸ்னியில் முன்பு இலவசமாக இருந்த ஃபாஸ்ட்பாஸ் 2021-இல் போய்விட்டது; இப்போது லைட்னிங் லேன் என்று விற்கிறார்கள், விலை நாளுக்கு நாள் மாறும். டோக்கியோ டிஸ்னியில் பிரீமியர் ஆக்சஸ் என்ற கட்டண பாஸ் 2022-இல் வந்தது. அது ஒரு ரைடுக்கு, ஓர் ஆளுக்கு. 2,000 யென் என்று வைத்தாலும், நாலு பேர் மூன்று ரைடுக்கு எடுத்தால் 24,000 யென். 2025-இல் அங்கே கூட்டம் மிகுந்த நாளில் பெரியவர் டிக்கெட்டே 10,900 யென்தான். இரண்டு பெரியவர்கள் உள்ளே நுழையும் செலவைவிட மூன்று வரிசைகளைத் தாண்டும் செலவு அதிகம். பாஸ் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. பிள்ளைகள் ரொம்பவும் ஆசைப்படும் ஒரு ரைடுக்கு வாங்குங்கள். மற்றவற்றுக்குக் கதவு திறக்கும் முன்பே வாசலில் நில்லுங்கள். முதல் ஒன்றரை மணி நேரத்தில் பணம் செலவழிக்காமலே நிறைய ஏறிவிடலாம். ஃப்ளோரிடா டிஸ்னியின் சொந்த ஓட்டல்களில் தங்குபவர்களை அரை மணி நேரம் முன்னதாகவே உள்ளே விடுகிறார்கள். அறை விலையை ஒப்பிடும்போது அந்த அரை மணியையும் எடைபோடுங்கள்.

சாப்பாட்டில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். ஃப்ளோரிடா டிஸ்னி பூங்காக்களில் வெளி உணவு கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம்தான் கூடாது. ஐஸ் தண்ணீர் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். டோக்கியோவில் கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை வாசலுக்கு வெளியே அதற்கென்று இருக்கும் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

கார்டு மெஷினில் "உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டுகிறீர்களா?" என்று திரையில் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். தெரிந்த நாணயத்தில் எண்ணைப் பார்ப்பது நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதிக்கு மோசமான மாற்று விகிதத்தில் விலை கொடுக்கிறோம். ஓட்டலிலும் வாடகைக் காரிலும் முன்பணமாக ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் செலவுக்கு வைத்திருக்கும் பணமே முடங்கிவிடும்.

தேதியைப் பொறுத்தவரை விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. பெரிய பூங்காக்களில் விலை நாள்வாரியாக மாறுகிறது. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையான வாரம், ஜப்பானில் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தின் கோல்டன் வீக் என்ற விடுமுறை வாரம், சீனாவில் விடுமுறையான அக்டோபர் முதல் வாரம் ஆகியவற்றைத் தவிருங்கள். ஃப்ளோரிடாவில் கோடையில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். மின்னல் அருகில் இருந்தால் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலமும்கூட.

பழைய பதிவுகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஆர்லாண்டோ விமான நிலையத்திலிருந்து டிஸ்னி ஓட்டல்களுக்கு ஓடிய இலவசப் பேருந்து 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. இன்றும் அதை நம்பி, வண்டிச் செலவை எழுதாமல் வருகிறார்கள். டோக்கியோவின் ஸ்பேஸ் மவுண்டன் 2024 ஜூலையில் மூடப்பட்டது, புதிதாகக் கட்டுகிறார்கள்.

விசா தேவைப்படுபவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். விசா கைக்கு வரும்வரை, பணம் திரும்பக் கிடைக்காத எதையும் வாங்காதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று ரத்து செய்ய முடியாத அறையையும் டிக்கெட்டையும் எடுத்துவிட்டு, ஒரே ஒருவரின் விசா தாமதமானதால் மொத்தத்தையும் இழந்த குடும்பத்துக்காக நான் பல நிறுவனங்களுக்கு எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒரு பைசா திரும்பவில்லை. பாரிஸ் போகத் தேவைப்படும் ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) 2024 ஜூனிலிருந்து பெரியவருக்கு 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயது வரை 45 யூரோ. மறுத்தாலும் கட்டணம் திரும்ப வராது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அமெரிக்காவுக்கு யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனால் காப்பீடு இல்லாமல் குழந்தையோடு அங்கே போவதை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை. அது பட்ஜெட்டில் வெட்டக்கூடிய செலவு அல்ல. குழந்தைகளின் பாஸ்போர்ட் பெரியவர்களுடையதைவிடச் சீக்கிரம் காலாவதியாகும், தேதியைப் பாருங்கள்.

"நாலு நாள் டிக்கெட்டில் இரண்டு நாள் மிச்சமிருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். ஃப்ளோரிடா டிஸ்னியில் டிக்கெட்டை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற முடியாது. வாசலில் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களின் விரல் பதிவை டிக்கெட்டோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். குழந்தைகளோடு வாசலில் திருப்பி அனுப்பப்படுவீர்கள்.

கடன் வாங்கிப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: கிரெடிட் கார்டில் மாதக்கணக்கில் வட்டி ஓடும் என்றால், அருகிலிருக்கும் நாட்டின் சின்னப் பூங்காவுக்குப் போய் வாருங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் பறந்தோம் என்பது பெருமையாகத் தெரியாது. தொலைவாகத்தான் போக வேண்டும் என்றால் பதினெட்டு மாதம் முன்பே தனிக் கணக்கில் போடத் தொடங்குங்கள். முதல் தொகை விசாவுக்கும் காப்பீட்டுக்கும்.

அந்தத் தந்தை போன வாரம் திரும்பி வந்தார். அதே தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தார்: "சின்னவன் 116, ஷூவோடு." ஆறு பூங்கா நாலாகியிருந்தது, ஆறு நாள் எட்டாகியிருந்தது. மொத்தம் பழையதைவிடக் கொஞ்சம் குறைவு. சின்னவனிடம் ட்ரானில் இந்த முறை ஏற முடியாது என்று சொல்லிவிட்டாராம். இரண்டு நாள் கோபமாக இருந்துவிட்டு, ஸ்பேஸ் மவுண்டனில் நிச்சயம் ஏறலாமா என்று கேட்டானாம். "112தான் வேணும், ஏறலாம்னு சொல்லிட்டேன். சரிதானே மேடம்?" என்றார்.

சரிதான் என்று சொல்லி, அவர்கள் போகும் தேதியில் அந்த ரைடு பராமரிப்புக்காக மூடியிருக்குமா என்று முதல் வேலையாகப் பார்த்தேன்.