ஸ்கிரிப்ட் எரர்: வரி 42-இல் என்னதான் கோளாறு?

பழைய கம்ப்யூட்டரில் ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். பக்கம் பாதி வந்திருக்கும்போதே சின்னப் பெட்டி ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. மஞ்சள் முக்கோணம், அதற்குள் ஆச்சரியக்குறி. கீழே ‘லைன்: 42, கேரக்டர்: 5, எரர்: ஆப்ஜெக்ட் எக்ஸ்பெக்டட், கோட்: 0’ என்று வரிசையாக விவரங்கள். இந்தப் பக்கத்தின் ஸ்கிரிப்டுகளை (பக்கத்தை வேலை செய்யவைக்கும் நிரல்களை) தொடர்ந்து இயக்கட்டுமா என்று ஒரு கேள்வி வேறு. ‘யெஸ்’ அழுத்தினால் அடுத்த பெட்டி வரும். ‘நோ’ அழுத்தினால் பெட்டி வராது. ஆனால் பக்கத்தில் பாதிப் பொத்தான்கள் அழுத்தினாலும் அசையாது.

வரி எண்ணைப் பார்த்ததும் கோளாறு 42-ஆம் வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை. எங்கேயோ தேள் கொட்டினால் எங்கேயோ நெறி கட்டும் என்பார்களே, அந்தக் கதைதான். ஸ்கிரிப்ட் எந்த இடத்தில் நின்றுபோனது என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது. போதாக்குறைக்குப் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பிரவுசர், பிழை வேறொரு ஸ்கிரிப்ட் கோப்பில் இருந்தாலும் பக்கத்தின் முகவரியைத்தான் காட்டும். ஒரு பக்கம் பத்துக் கோப்புகளை இழுத்து வருகிறது என்றால், எந்தக் கோப்பின் 42-ஆம் வரி என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஒரு பக்கம் பிரவுசருக்கு மூன்று வகைச் சரக்காக வந்து சேர்கிறது: உள்ளடக்கத்தைச் சொல்லும் எச்டிஎம்எல், தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ், வேலை செய்யவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட். முதல் இரண்டும் ரொம்பப் பொறுமையானவை. எச்டிஎம்எல்லில் ஒரு குறியை மூட மறந்தால் பிரவுசர் ஊகித்துக்கொள்ளும். சிஎஸ்எஸ்ஸில் புரியாத வரி வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஜாவாஸ்கிரிப்டில் அந்தச் சலுகை கிடையாது. அது நிரல்மொழி, ஒரு கட்டளை தவறினால் அதற்கடுத்த கட்டளைக்கு அர்த்தமே இல்லாமல் போகலாம். அதனால் அங்கேயே நின்றுவிடும். பிரெண்டன் ஐக் 1995-இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் இருந்தபோது பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை எழுதினார். அப்போது அதற்கு வேலை, படிவங்களைச் சரிபார்ப்பது போன்ற சில்லறைக் காரியங்கள்தான். இன்று பல தளங்களில் ஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் திரையில் வெள்ளையைத் தவிர வேறெதுவும் தெரியாது.

பழைய கம்ப்யூட்டரில் வரும் ஸ்கிரிப்ட் பிழைகளைக் கொஞ்ச நாள் கவனித்தால், பெரும்பாலானவை மூன்று காரணங்களில் அடங்கிவிடும். பக்கம் பேசும் மொழி பிரவுசருக்குத் தெரியவில்லை. அல்லது தேவையான கோப்பு வந்து சேரவில்லை. அல்லது வேலை முடிவதற்குள் பிரவுசர் பொறுமை இழந்துவிட்டது.

மொழி விஷயத்தை முதலில் பார்ப்போம். ஜாவாஸ்கிரிப்டின் தரவிதிகள் 1999-க்குப் பிறகு பத்து வருடம் ஏறக்குறைய அப்படியே கிடந்தன. 2009-இல் ஐந்தாம் பதிப்பு, 2015-இல் மிகப் பெரிய ஆறாம் பதிப்பு, அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்று. 2009-இல் வந்த எக்ஸ்ப்ளோரர் 8-க்கு, ஒரு சொற்றொடரின் இருபுறமும் உள்ள வெற்றிடத்தை வெட்டும் ‘ட்ரிம்’ என்ற சாதாரணக் கட்டளைகூடத் தெரியாது. அதைக் கேட்டால், இந்த ஆப்ஜெக்டுக்கு அப்படியொரு வசதியே இல்லை என்று பிழை காட்டும். இது எளிதில் சரியாகக்கூடிய வகை. இல்லாத கட்டளையை நாலு வரியில் எழுதிச் சேர்த்துவிடலாம். பாலிஃபில் என்று நிரலாளர்கள் சொல்வது இதைத்தான்.

இலக்கணமே புதிதாக இருந்தால் அப்படி ஒட்டுப்போட முடியாது. ஆறாம் பதிப்பில் => என்றொரு குறி வந்தது, ஃபங்ஷனை, அதாவது தேவைப்படும்போது கூப்பிடக்கூடிய கட்டளைத் தொகுதியை, சுருக்கமாக எழுதுவதற்கு. எக்ஸ்ப்ளோரர் 11-க்கு அது தெரியாது. பிரவுசர் ஒரு கோப்பை இயக்குவதற்கு முன் முழுவதையும் ஒருமுறை வாசித்து இலக்கணம் பார்க்கிறது. ஐயாயிரம் வரிக் கோப்பின் கடைசி வரியில் அந்தக் குறி ஒரே ஒரு முறை இருந்தாலும் போதும். ‘சின்டாக்ஸ் எரர்’ என்று சொல்லி மொத்தக் கோப்பையும் ஓரங்கட்டிவிடும். ஒரு வரிகூட ஓடாது. அந்தக் கோப்பில் இருந்த ஃபங்ஷன்கள் எதுவும் உருவாகாது. பிறகு வேறொரு கோப்பு அவற்றில் ஒன்றைக் கூப்பிடும்போது அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். ‘ஆப்ஜெக்ட் எக்ஸ்பெக்டட்’ என்ற செய்தி பெரும்பாலும் அப்படி வருவதுதான். 42-ஆம் வரி பாவம், எதுவும் செய்யவில்லை.

குரோமிலும் இதே கதை உண்டு. விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடக்கூடிய கடைசி குரோம் பதிப்பு 49. அதற்கு => தெரியும்; ஆனால் 2020-இல் குரோம் 80-இல்தான் வந்த ?. என்ற குறி தெரியாது. அதைக் கண்டதும் ‘அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்’ என்று நிற்கும். இந்தச் செய்தியைப் பார்த்தால் கம்ப்யூட்டரில் எதையும் நோண்ட வேண்டாம். பெரும்பாலும் பிரவுசரைப் புதுப்பிப்பதுதான் வழி.

இரண்டாவது காரணம், கோப்பு வந்து சேராதது. என் பார்வையில் இதுதான் சுவாரசியமானது, ஏனென்றால் இதில் குற்றவாளி ஸ்கிரிப்டே இல்லை. ‘ஜேக்வெரி இஸ் நாட் டிஃபைன்ட்’ என்ற செய்தியைப் பலர் பார்த்திருப்பார்கள். ஜேக்வெரி என்பது ஏராளமான தளங்கள் பயன்படுத்தும் ஒரு பொது ஸ்கிரிப்ட் தொகுப்பு. பல தளங்கள் அதைத் தங்கள் சர்வரில் வைத்துக்கொள்ளாமல், அதற்கென்றே இருக்கும் வேறு சர்வர்களிலிருந்து இழுக்கின்றன. அந்த ஒரு கோப்பு வராவிட்டால், அதை நம்பி எழுதிய அத்தனையும் வரிசையாகச் சரியும்.

ஏன் வராது? பழைய கம்ப்யூட்டரில் முதலில் பார்க்க வேண்டியது திரையின் ஓரத்தில் இருக்கும் தேதி. மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032 வகை. அது தீர்ந்துபோனால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மறுபடி இயக்கும்போது கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். பாதுகாப்பான இணைப்புக்கு ஒவ்வொரு சர்வரும் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் 2009-இல் இருந்தால், இந்த வருடம் வழங்கிய சான்றிதழ் அதற்கு ‘இன்னும் தொடங்காத’ சான்றிதழ். முதன்மைப் பக்கத்துக்குப் பெரிய எச்சரிக்கை வரும். ‘பரவாயில்லை, போ’ என்று அதைத் தாண்டிவிடுவோம். அந்த அனுமதி அந்த ஒரு சர்வருக்கு மட்டும்தான். ஜேக்வெரி வரவேண்டிய சர்வருக்கு அது பொருந்தாது. துணைக் கோப்புகளுக்கு எச்சரிக்கைப் பலகை காட்டும் வழக்கமும் பிரவுசருக்குக் கிடையாது. சத்தமில்லாமல் தடுத்துவிடும். நமக்குத் தெரிவதெல்லாம் ஸ்கிரிப்ட் எரர்தான். தேதியைச் சரிசெய்து பக்கத்தை மறுபடி திறந்தால், அந்தக் காரணத்தால் வந்த பிழைகள் அத்தனையும் ஒரே நொடியில் காணாமல் போகும். தேதி மறுநாளும் பின்னால் போனால் பேட்டரியை மாற்றுங்கள்.

தேதி சரியாக இருந்தும் கோப்பு வராமல் போகலாம். சான்றிதழை நம்புவதா வேண்டாமா என்பதற்குக் கம்ப்யூட்டரில் மூலச் சான்றிதழ்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. புதுப்பிக்காமல் விட்ட கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியலும் பழசாகிவிடும். 2021 செப்டம்பர் 30 அன்று, தளங்களுக்குச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்களுக்குத் தாங்கலாக இருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. புதியதை அறியாத பழைய கருவிகளில் பல தளங்கள் ஒரே நாளில் திறக்காமல் போயின. ஃபயர்ஃபாக்ஸ் தன் பட்டியலைத் தானே சுமந்துகொண்டு வருவதால், பழைய விண்டோஸில் மற்றவை தடுமாறும் இடத்தில் அது சில சமயம் திறந்துவிடும். முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை.

விளம்பரத் தடுப்பான்களும் ஆன்டிவைரஸ்களும் ஒரு ஸ்கிரிப்டை வேண்டாத சரக்கு என்று நிறுத்திவிடுவது உண்டு. கேஷில், அதாவது பிரவுசர் முன்பு இறக்கிய கோப்புகளைச் சேமித்துவைக்கும் இடத்தில், தங்கிய பழைய கோப்பு இன்னொரு தொல்லை: பக்கம் புதிது, ஸ்கிரிப்ட் போன மாதத்தது, இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. பதிவிறக்கம் பாதியில் அறுந்த கோப்பும் அங்கே தங்கிவிடலாம். கன்ட்ரோல் விசையோடு எஃப்5 அழுத்தினால் கேஷை விட்டுவிட்டுப் புதிதாக இறக்கும்.

மூன்றாவது வகை, உண்மையில் பிழையே அல்ல. ‘இந்தப் பக்கத்தின் ஸ்கிரிப்ட் பதில் சொல்லவில்லை, நிறுத்தட்டுமா?’ என்று கேட்கும் பெட்டி அது. ஒரு பக்கத்தில் ஸ்கிரிப்டை இயக்குவதும், திரையில் வரைவதும், உங்கள் கிளிக்கைக் கேட்பதும் ஒரே வரிசையில் நடக்கும் வேலைகள். ஸ்கிரிப்ட் நீண்டால் மற்ற இரண்டும் காத்திருக்கும். பக்கம் உறைந்த மாதிரி தெரியும். எவ்வளவு நேரம் பொறுப்பது என்பதை ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு விதமாக முடிவு செய்தது. ஃபயர்ஃபாக்ஸ் பல வருடங்களாக 10 விநாடி என்று வைத்திருந்தது. எக்ஸ்ப்ளோரர் 8 வரை நேரத்தைப் பார்க்கவே இல்லை. எத்தனை கட்டளைகள் ஓடின என்று எண்ணி, 50 லட்சத்தைத் தாண்டினால் பெட்டியைக் காட்டியது. நேரக்கணக்கு வைத்தால் பழைய கம்ப்யூட்டருக்குத்தான் அடி. புதிய கம்ப்யூட்டரில் 2 விநாடியில் முடியும் வேலை இங்கே 15 விநாடி எடுத்தால், ஒரு தவறும் இல்லாத ஸ்கிரிப்டுக்கும் பெட்டி வந்து நிற்கும். நினைவகம் நிரம்பி ஹார்ட் டிஸ்கைத் துணைக்கு அழைக்க ஆரம்பித்தால் இன்னும் மோசம். அந்த டிஸ்க் விளக்கு அணையாமல் எரிவதே அதற்கு அடையாளம். மற்ற டேப்களை மூடிவிட்டு, ‘காத்திரு’ என்று ஒருமுறை அழுத்திப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிக்க நான் சொல்வது இரண்டே சோதனை. அதே பக்கத்தை வேறொரு புதிய கருவியில் திறங்கள். அங்கேயும் பிழை வந்தால் கோளாறு தளத்தில். உங்கள் கம்ப்யூட்டரை விட்டுவிடுங்கள். அங்கே ஒழுங்காக வந்தால், பழைய கம்ப்யூட்டரில் பிரைவேட் ஜன்னலில் திறங்கள். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அந்த ஜன்னலில், நீங்கள் தனியாக அனுமதித்தவை தவிர, எக்ஸ்டென்ஷன்களை (பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்களை) இயக்குவதில்லை. பழைய கேஷும் குக்கிகளும் அங்கே எட்டிப்பார்ப்பதில்லை. அங்கே சரியாக வந்தால் எக்ஸ்டென்ஷனோ கேஷோதான் காரணம். அங்கேயும் வராவிட்டால் எஃப்12 அழுத்தி, பிழைச் செய்திகளைப் பட்டியலிடும் கன்சோல் பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். சிவப்பு வரிகள் இருபது இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் முதல் வரியை மட்டும் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள்.

எக்ஸ்ப்ளோரர் 8, 9 இரண்டிலும் இந்தக் கன்சோலே ஒரு வேடிக்கை காட்டியது. எஃப்12 ஜன்னலைத் திறக்கும்வரை கன்சோல் என்ற பொருளே அவற்றில் இருக்காது. நிரலாளர் சோதனைக்காக எழுதி, அழிக்க மறந்த ஒரு கன்சோல் வரி பயனரிடம் பிழை காட்டும். என்னவென்று பார்க்க எஃப்12 திறந்தால் கன்சோல் உருவாகிவிடும், பிழையும் மறைந்துவிடும். பக்கத்தைப் புதிய டேபில் திறந்தால் மறுபடி வரும்.

எக்ஸ்ப்ளோரரின் அமைப்புகளில் ஸ்கிரிப்ட் பிழை அறிவிப்பை நிறுத்தும் வசதி ஒன்று உண்டு. பெட்டி வராது, அவ்வளவுதான். செத்த பொத்தான் செத்தபடியே கிடக்கும். விண்டோஸின் அமைப்பு விவரங்கள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்து ஸ்கிரிப்ட் பிழையைப் போக்குகிறோம் என்று விற்கும் மென்பொருள்களை நான் ஒருபோதும் சிபாரிசு செய்யமாட்டேன். மேலே சொன்ன மூன்று காரணங்களில் எதையும் அவை தொடுவதில்லை. பிழைப் பெட்டியில் தொலைபேசி எண் கொடுத்து ‘உடனே அழையுங்கள்’ என்று இருந்தால் அது மோசடிப் பக்கம். பிரவுசரின் உண்மையான பிழைச் செய்தி யாரையும் போன் செய்யச் சொல்லாது.

பிரவுசரே திறக்காதபோதும் இந்தப் பெட்டி வருகிறதா? அப்படியானால் வேறொரு மென்பொருள் தனக்குள் எக்ஸ்ப்ளோரரின் இயந்திரத்தை வைத்து ஏதோ பக்கத்தைக் காட்டப் பார்க்கிறது. எக்ஸ்ப்ளோரர் 11-க்கே பெரும்பாலான விண்டோஸ் 10 பதிப்புகளில் 2022 ஜூன் 15-இல் ஆதரவு முடிந்துவிட்டது. ஆனால் அந்த இயந்திரம் விண்டோஸுக்குள் இன்னும் இருக்கிறது. பிரவுசரை மாற்றினால் இது தீராது. பெட்டி வரும் நேரத்தில் ஓடும் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும் அல்லது நீக்க வேண்டும்.

பிரவுசரைப் புதுப்பிக்கப் போனால் இயங்குதளம் குறுக்கே நிற்கும். விண்டோஸ் 7-க்குக் குரோம் 109-தான் கடைசி, ஃபயர்ஃபாக்ஸில் 115-இன் நீண்டகாலப் பதிப்பு. அதற்கு மேல் போகவேண்டும் என்றால், கம்ப்யூட்டர் 64 பிட் ஆக இருந்து, நினைவகம் ஓரளவு இருந்தால், இலகுவான லினக்ஸ் ஒன்றை நிறுவுவதே நல்ல வழி. அதே பழைய பெட்டியில் இன்றைய பிரவுசர் ஓடும். வேகம் அதிகரிக்காது, ஆனால் சின்டாக்ஸ் எரர் போய்விடும்.

தளத்தின் மேல்தான் தப்பு என்று தெரிந்தால் அவர்களுக்கு எழுதுங்கள். ‘உங்கள் சைட் ஓப்பன் ஆகவில்லை’ என்று எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. கன்சோலின் முதல் சிவப்பு வரியை அப்படியே நகலெடுத்து, பிரவுசரின் பெயரையும் பதிப்பு எண்ணையும் சேர்த்து அனுப்பினால், அந்தக் குறியோ கோப்போ எது என்று நிரலாளருக்கு உடனே புரிந்துவிடும்.