போக்காடு: பலியாகாத கடா

பிறர் தவறுக்குப் பழி சுமப்பவரைப் 'பலிகடா' என்கிறோம். அந்தக் கருத்து பிறந்த எபிரேயச் சடங்கிலோ, பழி சுமந்த கடா பலிபீடத்துக்கே போகவில்லை.

பைபிளின் பழைய ஏற்பாட்டு நூலான லேவியராகமத்தின் 16-ஆம் அதிகாரத்தில், மக்களின் பாவம் கழிக்கும் பாவநிவிர்த்தி நாளுக்கு இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களைக் கொண்டுவந்து சீட்டுப் போடுவார்கள். கர்த்தருக்கென்று விழுந்ததை அறுத்து, அதன் இரத்தத்தைத் திரைக்கு உள்ளே கொண்டுபோய்க் கிருபாசனத்தின் (உடன்படிக்கைப் பெட்டியின் மூடி) மேல் தெளிப்பார் தலைமைக் குரு ஆரோன். பரிசுத்த ஸ்தலத்தின் தீட்டைக் கழிக்கத்தான் அந்த இரத்தம். அந்தக் கடாவின் தலையில் யாரும் பாவத்தை ஏற்றுவதில்லை. மற்றதன் தலைமேல் இரண்டு கைகளையும் வைத்து, இஸ்ரவேலரின் அக்கிரமங்களை அறிக்கையிட்டு, ஓர் ஆள் வசம் வனாந்தரத்துக்கு அனுப்புவார். கொண்டுபோனவன் துணி துவைத்துக் குளித்த பிறகே பாளயத்துக்குள் வரலாம். பிற்காலத்தில் அந்தக் கடாவைச் செங்குத்துப் பாறையிலிருந்து பின்புறமாகத் தள்ளிவிட்டார்கள் என்கிறது யூதச் சட்ட மரபுத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதி. அப்போதும் பலிபீடம் இல்லை, இரத்தம் தெளித்தலும் இல்லை. செத்தாலும் அது பலி அன்று, வெளியேற்றம்.

மூலச் சொல் 'அசாசேல்'. அதை 'ஏஸ்' (ஆடு), 'ஆசல்' (போயிற்று) என்று பிரித்துப் பொருள் கொண்டது ஒரு மரபு. 1530-இல் பைபிள் மொழிபெயர்ப்பாளர் டிண்டேல் ஆங்கிலத்தில் 'ஸ்கேப்கோட்' (தப்பிய ஆடு) என்றது இந்த வழியில்தான். பழைய தமிழ் வேதாகமத்தின் 'போக்காடு' இன்னும் பொருத்தம்: ஆடு தப்பவில்லை, போக்கப்பட்டது. ஆனால் 8-ஆம் வசனம் இடிக்கிறது. 'கர்த்தருக்கு ஒரு சீட்டு, அசாசேலுக்கு ஒரு சீட்டு' என்று இணையாக நிற்பதால், அது ஆட்டின் பெயரல்ல, வனாந்தரத்தில் உறையும் ஒருவரின் பெயர் என்பதே வலுவான வாசிப்பு. பழைய யூத நூலான ஏனோக்கு நூலில் அசாசேல் வீழ்ந்த தூதர்களில் ஒருவன்.

குழப்பம் முற்றியது பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே ஜிராருக்குப் பிறகு. கலகத்தில் சிக்கிய கூட்டம் ஒருவர்மேல் பழியைத் திருப்பி, கொன்றோ துரத்தியோ அமைதியடைவதை அவர் 'ஸ்கேப்கோட்' என்பதற்கு இணையான பிரெஞ்சுச் சொல்லால் குறித்தார். அந்தக் கூட்டத்துக்குத் தான் பழி மாற்றுவது தெரியாது. பழி சுமத்தப்பட்டவரே குற்றவாளி என்று மனதார நம்பும். லேவியராகமத்திலோ ஆடு குற்றமற்றது என்று எல்லாருக்கும் தெரியும். எனவே அந்தக் கோட்பாட்டை 16-ஆம் அதிகாரத்தின்மேல் அப்படியே போர்த்தினால் பொருந்தாது. ஆதியாகமத்தில் வரும் யோசேப்பின் கதையில் பொருந்தும்: சகோதரர்கள் ஒன்றுகூடித் துரத்துகிறார்கள், கதையோ துரத்தப்பட்டவன் பக்கம் நிற்கிறது.

சடங்கைச் சொல்லும்போது 'போக்காடு' என்றே எழுதலாம். கூட்டம் அடித்துக் கொன்றவருக்குப் 'பலிகடா' தகும். மேலதிகாரியின் தவறுக்காக வேலையை விட்டுத் துரத்தப்பட்ட குமாஸ்தாவைப் பலிகடா என்கிறோமே, அவர்தான் அசல் போக்காடு.