விதையை மறக்காத வேர்

ஈரப் பஞ்சில் கடுகைத் தூவி வைத்தால் இரண்டொரு நாளில் வெள்ளை நூல்போல வேர் இறங்கும். கடுகுக் குடும்பத்துச் சிறு களைச்செடியான அரபிடாப்சிஸின் வேரும் அப்படித்தான். ஆனால் 1997இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விவரித்த ஒரு மரபுப்பிறழ்வு நாற்றில் முதல் வேர் பச்சையாக உப்பிக் கிடந்தது. பார்த்தால் வினிகரில் ஊறிய குட்டி வெள்ளரிக்காய்! அதனால் ‘பிக்கிள்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

கொழுப்பில் ஒட்டும் சிவப்புச் சாயத்தைப் போட்டதும் அந்த வேர் சிவந்தது. விதைக்குள் இருக்கும் கரு சேமிப்பது போன்ற எண்ணெய், மண்ணில் இறங்க வேண்டிய வேரில்! வேரை வெட்டி, ஹார்மோன் எதுவும் கலக்காத ஊட்டக்கூழில் வைத்தபோது அதிலிருந்து புதிய கருக்களே முளைத்தன. முளைத்த பிறகும் அந்த வேர் தன்னை விதையாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

கருவை உருவாக்கும் மரபணுக்கள் வேரின் ஒவ்வொரு செல்லிலும் உண்டு. முளைத்ததும் அவற்றை மூடிவைக்க வேண்டும், அவ்வளவுதான். மூடுவது எப்படி? அரபிடாப்சிஸின் ஒரு தொகுதி டிஎன்ஏவை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய நான்கரை சென்டிமீட்டர். அது சில மைக்ரோமீட்டர் அகலமுள்ள செல் உட்கருவுக்குள் அடங்க வேண்டும். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருளை ஒவ்வொன்றையும் 147 கார இணை (டிஎன்ஏ ஏணியின் படி) நீளத்துக்கு டிஎன்ஏ சுற்றிக்கொள்கிறது. இந்த உருண்டைதான் நியூக்ளியோசோம். இவை கோத்த மாலைதான் குரோமாட்டின். சுருளுக்குள் சிக்கிய மரபணுவைப் படிப்பது கடினம். செல்லின் எரிபொருளான ஏடிபியை எரித்து இந்த உருண்டைகளை டிஎன்ஏ மீது நகர்த்தும் புரத எந்திரங்கள் செல்லில் இருக்கின்றன.

பிக்கிள் நாற்றில் பழுதானது அப்படிப்பட்ட ஒரு எந்திரம் என்று 1999இல் தெரிந்தது. எனக்கு இதில் தீராத வியப்பு ஒன்று உண்டு. நகர்த்தும் எந்திரம் என்றதும் திறப்பதுதான் அதன் வேலை என்று தோன்றும். இதுவோ மூடிவைக்கத் துணைநிற்கிறது. எச்3 என்ற ஹிஸ்டோனின் வாலில் 27ஆம் இடத்தில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் மெத்தில் என்னும் சிறு வேதித் தொகுதிகள் மூன்று குறியாக ஏறினால், அங்குள்ள மரபணு அடங்கிக் கிடக்கும். செல் பிரியும்போது பழைய ஹிஸ்டோன்கள் இரண்டு டிஎன்ஏ நகல்களுக்கும் பங்கிடப்படுவதால் இந்தக் குறி பாதியாகிவிடும். மறுபடி நிரப்பியாக வேண்டும். பிக்கிள் புரதம் என்றே பெயர் பெற்ற இந்த எந்திரம் இல்லாத செடியில் இந்தக் குறி குறைகிறது. கருவளர்ச்சியின் தலைமை மரபணுக்களில் ஒன்றான லெக்1 அடங்காமல் பேசிக்கொண்டே இருக்கிறது.

இதற்கெல்லாம் கிடைக்கும் நேரமும் குறைவு. பிக்கிள் புரதத்தை முளைக்கும் வேளையில் மட்டும் செயல்பட வைத்தாலே வேர் ஒழுங்காக வளர்ந்துவிடுகிறது. அந்த வேளையில் ஜிப்பெரலின் என்ற தாவர வளர்ச்சி ஹார்மோனைக் கொடுத்தாலும் உப்பல் குறைகிறது. ஜிப்பெரலின் உருவாவதைத் தடுத்தால் கூடுகிறது. அதே பிறழ்வு இருந்தும் எல்லா நாற்றுகளும் உப்புவதில்லை. ஒரே தட்டில், பக்கத்துப் பக்கத்தில், ஒன்றுக்கு வெள்ளை வேர், இன்னொன்றுக்குப் பச்சை வேர்.